முதலில் பாட்டு, பிறகு கருவி: கோண்டாவிலில் ஒரு தொடக்க டிஜே

டிஜே ஆக விரும்பி என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: எந்தக் கன்ட்ரோலர் (கணினியில் இருக்கும் பாட்டுகளைக் கலந்து போடும் கருவி) வாங்குவது? யாழ்ப்பாணத்தில் கலியாண மண்டபங்களுக்கும் வீட்டு விழாக்களுக்கும் ஸ்பீக்கர், மிக்சர், மைக் வாடகைக்கு விடுவது என் தொழில். பல டிஜேக்களின் வேலையை மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலர் சரியில்லாததால் ஒருவருடைய இரவு கெட்டதை அரிதாகவே கண்டிருக்கிறேன். கேட்ட பாட்டு கையில் இல்லாமல் தவித்தவர்கள், இருந்தும் தேடி எடுக்க முடியாமல் தவித்தவர்கள், எடுத்த பாட்டு பெரிய ஸ்பீக்கரில் வறண்டு ஒலித்ததும் முகம் கறுத்தவர்கள், இவர்கள்தான் அதிகம். ஆனால் எந்தப் பாட்டை எங்கே தேடுவது என்று கேட்டு வந்தவர் குறைவு.

இந்த ஆய்வு கோண்டாவிலைச் சேர்ந்த, கணக்கியல் படிக்கும் 22 வயது இளைஞர் ஒருவரைப் பற்றியது. அவருடைய பெயரைத் தவிர்த்து, நான் கூப்பிடுவதுபோலவே தம்பி என்று எழுதுகிறேன். கருவி வாங்கியதிலிருந்து முதலாவது கலியாண வரவேற்பு வரை அவர் எடுத்த முடிவுகளையும், அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் கிட்ட நின்று பார்த்தேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

அவர் வந்தது ஆனி மாதத்தில். தாயார் சீட்டெடுத்துக் கொடுத்ததும், சிறுவர்களுக்கு வகுப்பெடுத்துச் சேர்த்ததுமாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கையில் இருந்தது. மடிக்கணினி பழையது: 4 ஜிபி நினைவகம், சுழலும் வன்தட்டு. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வர இருந்தார். வேண்டியதைச் சொல், வாங்கி வருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். பென்டிரைவில் கைமாறிக் கைமாறி வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் கணினியில் குவிந்து கிடந்தன.

அவர் மனத்தில் வைத்திருந்த கருவி பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்6. 2021இல் வெளிவந்தது, ஒரே நேரத்தில் நான்கு பாட்டுகளைக் கையாளலாம், பார்க்கவும் எடுப்பானது.

"நாலு டெக் இருந்தால்தான் அண்ணை மண்டபத்தில் மதிப்பார்கள்" என்றார்.

"எந்த மண்டபத்தில், எந்த நேரத்தில், யாருக்குப் போடப் போகிறீர் தம்பி?" என்று கேட்டேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

யோசிக்கத்தான் வேண்டும். கொழும்பில் இருப்பதுபோன்ற இரவுக் களியாட்ட விடுதி வாழ்க்கை இங்கே இல்லை. புதிய டிஜே ஒருவருக்கு இங்கே கிடைக்கக்கூடியவை பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கலியாண வரவேற்பு, பல்கலைக்கழக ஒன்றுகூடல், பழைய மாணவர் இராப்போசனம். வரவேற்பு நான்கு மணி நேரம் நடந்தாலும் ஆட்டம் என்பது கடைசி முக்கால் மணிதான். மீதி நேரத்தில் வருவோருக்கு மெல்லிசை, மணமக்கள் நுழைய ஒரு பாட்டு, கேக் வெட்ட ஒரு பாட்டு, சாப்பாட்டு வேளைக்குப் பழைய பாட்டு. சபையில் எழுபது வயதுப் பெரியம்மாவும் இருப்பார், பாரிசில் பிறந்து வளர்ந்த பேத்தியும் இருப்பாள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்று உயர் நீதிமன்றம் 2007இல் இட்ட கட்டளையும் இருக்கிறது. அயலில் ஒரு செத்தவீடு என்றால் எந்தக் கட்டளையும் இல்லாமலே சத்தம் அடங்கிவிடும்.

இந்த வேலைக்கு நான்கு டெக் தேவையில்லை. இரண்டு பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும், அடுத்த பாட்டைச் சபைக்குக் கேட்காமல் காதில் கேட்டுப் பார்க்க வேண்டும், மின்சாரம் நின்றாலும் கருவி அணைந்துவிடக் கூடாது, மோட்டார் சைக்கிளில் கொண்டு போக வேண்டும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, அதை வைத்துக்கொண்டுதான் விலைப் பட்டியலைத் திறந்தோம்.

கருவி

தொடக்கக்காரர்களுக்கு யாரும் ஒழுங்காக விளக்காத ஒன்று, கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒலி அட்டை. மடிக்கணினியில் ஒலி வெளியேற ஒரு வழிதான் உண்டு. டிஜேக்கு இரண்டு வழி வேண்டும்: சபைக்கு ஒன்று, தன் காதுக்கு ஒன்று. சுழல்தட்டும் விளக்கும் எத்தனை இருந்தாலும் இந்த இரண்டாவது வழி இல்லாத கருவி மண்டபத்துக்கு உதவாது. 2019இல் வந்த டிடிஜே-200 மலிவானது, கைப்பேசியோடும் வேலை செய்யும்; ஆனால் அதற்குள் ஒலி அட்டை இல்லை. கைப்பேசியின் அல்லது கணினியின் ஒலிவழியை ஒரு பிரிப்புக் கேபிள் போட்டு இரண்டாக்க வேண்டும். வீட்டில் பழகுவதற்கு அது போதும். காசு வாங்கிக்கொண்டு போய் நிற்கும் இடத்துக்கு அதைக் கொண்டு போகச் சொல்லமாட்டேன்.

மிஞ்சியவை மூன்று. கொழும்பில் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய டிடிஜே-400. நல்ல கருவிதான், ஆனால் உத்தரவாதம் இல்லை, போய்த் தொட்டுப் பார்க்காமல் வாங்கவும் முடியாது. பழைய கன்ட்ரோலரை வாங்குபவர் இரண்டு பக்கமும் வெவ்வேறு பாட்டை ஓடவிட்டு, ஒரு பக்கத்துப் பாட்டிலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றும் குறுக்கு ஃபேடரை ஒரு பக்கம் முழுதாகத் தள்ளிக் கேட்க வேண்டும். மற்றப் பக்கத்துப் பாட்டு மெல்லக் கசிந்தால் அந்த ஃபேடர் தேய்ந்துவிட்டது. இரண்டாவது நியூமார்க் மிக்ஸ்ட்ராக் பிளாட்டினம் எஃப்எக்ஸ். பெரிய சுழல்தட்டு, தட்டின் நடுவே சிறு திரை, செராட்டோ டிஜே லைட் மென்பொருளோடு ஓடும். மூன்றாவது டிடிஜே-400க்குப் பதிலாக வந்த டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4.

எஃப்எல்எக்ஸ்4ஐத் தெரிந்தெடுத்தோம். நிறை 2.1 கிலோ, அகலம் 48 சென்றிமீற்றர், தோள்பையில் அடங்கும். யுஎஸ்பி வழியாகக் கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது; மண்டபத்து ஜெனரேட்டர் ஏறும்வரை ஸ்பீக்கர் அடங்கினாலும் கணினியும் கன்ட்ரோலரும் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். கருவியை இணைத்தால் ரெக்கோர்ட்பாக்ஸ் மென்பொருளில் கலந்து வாசிக்கும் பகுதி கட்டணமின்றித் திறக்கும். விரும்பினால் செராட்டோ டிஜே லைட்டிலும் ஓட்டலாம். ரெக்கோர்ட்பாக்ஸில் ஒழுங்குபடுத்திய பாட்டுகளை யுஎஸ்பிக்கு ஏற்றினால், பெரிய விடுதிகளில் வைத்திருக்கும், கணினி இல்லாமலே பாட்டு ஓட்டும் சிடிஜே கருவிகளிலும் அந்த ஒழுங்கு அப்படியே வரும். நாளைக்குக் கொழும்பில் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் இவர் வேலை மறுபடி தொடக்கத்திலிருந்து தொடங்காது. குறையும் உண்டு. சபைக்கான ஒலி வெளியேறுவது ஆர்சிஏ துளைகளால் (வீட்டு ஒலிக்கருவிகளின் பின்னால் இருக்கும் சிறு வட்டத் துளைகள்) மட்டும். அதன் விளைவை மண்டபத்தில் பார்த்தோம், பின்னர் சொல்கிறேன். மைக் துளை ஒன்று இருக்கிறது. அதை அறிவிப்பாளருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அறிவிப்பாளரின் மைக் மண்டபத்து மிக்சருக்குப் போக வேண்டும், அங்கே ஒருவர் அதைக் கவனிப்பார்.

சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டு வந்தார். வெளிநாட்டில் வாங்கிய கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கினார்கள். யுஎஸ்பியில் ஓடுவதால் மின்னழுத்தம் பற்றிய கவலை இல்லை. ஆனால் சுவர் மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கரோ அம்பிளிஃபயரோ அங்கிருந்து கொண்டு வருபவர்கள் பின்பக்கம் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். கனடாவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பொருளை இங்கே 230 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு முடிந்தது.

கன்ட்ரோலருக்குப் பிறகு மீதிப் பணத்தின் பெரும்பங்கு மடிக்கணினிக்குப் போனது. ஸ்ரான்லி வீதியில் ஒரு கணினிக் கடையில் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினார். அதற்கு முன்பு பாட்டு ஓடும்போது வெடித்து வெடித்து ஒலித்தது. மென்பொருளில் பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் எடுத்து வைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128இல் வைத்திருந்ததும் ஒரு காரணம். 512 ஆக்கியதும் வெடிப்பு நின்றது. 44,100 மாதிரிகள் ஒரு செக்கன் என்றால் 512 மாதிரிகள் ஏறத்தாழ 12 மில்லிசெக்கன். அந்தத் தாமதம் தொடக்கக்காரரின் கைக்குத் தெரியாது, வெடிப்புச் சத்தமோ சபை முழுவதற்கும் தெரியும்.

ஹெட்போன் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காதை முழுதாக மூடுகிற, கம்பியுள்ள ஹெட்போன் வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வரும். அதைக் கேட்டுத் தாளம் பொருத்த முடியாது. சென்ஹைசர் எச்டி 25 என்ற வகையை 1988 முதல் விற்கிறார்கள், இன்றைக்கும் கம்பிமுதல் காதுறைவரை தனித்தனியாக மாற்றலாம். அது விலை கூட என்பதால் தம்பி ஓடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்40எக்ஸ் வாங்கினார். இந்தத் தொழிலில் காது போனால் எல்லாம் போய்விடும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், மூன்று மூன்று டெசிபல் ஏற அந்த நேரம் பாதி பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ஸ்பீக்கருக்கு நேரே நின்றுகொண்டு ஹெட்போனையும் உச்சத்தில் வைக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஸ்பீக்கர் வாங்கவில்லை. மண்டபத்தில் வாடகைக்காரர் வைத்திருப்பார். வீட்டில் பழக, தகப்பனாரின் பழைய கசற் செற்றின் பின்பக்கத்து ஆர்சிஏ துளையில் கன்ட்ரோலரை மாட்டிக்கொண்டார்.

சித்தப்பா வரும்வரை சும்மா இருக்கவும் இல்லை. மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளை விசைப்பலகையோடு வைத்து ஆடி மாதம் முழுவதும் பழகினார். அது திறந்த மூலநிரல், யாரும் இறக்கலாம், பின்னர் பலவகைக் கன்ட்ரோலர்களையும் ஏற்கும். கையில் காசில்லை என்று தயங்கி நிற்கும் பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மூவாயிரம் பாட்டும் அதில் மிஞ்சியதும்

கருவிக்குச் செலவான நேரம் சில நாட்கள். பாட்டுக்குச் செலவாகும் நேரம் இன்னும் முடியவில்லை.

குவியலைத் திறந்து பார்த்தபோது கோப்புப் பெயர்களில் ஏதேதோ இணையத்தளங்களின் பெயர் ஒட்டியிருந்தது. ஒரே பாட்டு நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு முறை இருந்தது. படத்தின் பெயர் இருந்தால் பாடகர் பெயர் இல்லை. இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒலியின் தரம். ஒலியை வண்ணப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சிறு இலவச மென்பொருளில் ஒரு பாட்டை இழுத்துப் போட்டுக் காட்டினேன். கோப்பில் 320 கிலோபிட் என்று எழுதியிருந்தது. திரையில் வந்த வண்ணப் படம் 16 கிலோஹேர்ட்ஸ் வரை நிறைந்திருந்து, அதற்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் ஒரு நேர்கோட்டில் முடிந்து, மேற்பகுதி வெறும் கறுப்பாக இருந்தது. எங்கோ 128 கிலோபிட்டாகச் சுருக்கப்பட்ட பாட்டை யாரோ மறுபடி 320 ஆக மாற்றி வைத்திருக்கிறார்கள். கோப்பு பெருத்ததே தவிர, இழந்த ஒலி திரும்பவில்லை. யூடியூபிலிருந்து உருவி எடுப்பதும் இதே கதைதான். அங்கே ஒலி ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. காதுக்குள் சொருகும் ஹெட்போனில் இது தெரியாது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு நிற்கும் மண்டபத்தில் சிஞ்சாவும் சலங்கையும் தேய்ந்து, சீறும் சத்தமாக மட்டும் கேட்கும்.

தம்பி பேசாமல் அடுத்த பாட்டை இழுத்துப் போட்டார். அதுவும் 16இல் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. அன்று மாலை முழுவதும் இருந்து பார்த்ததில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

நான் சொன்னது இதுதான்: மூவாயிரத்தையும் ஒரு பக்கம் வையும். நீர் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டக்கூடிய நூறு பாட்டுகளை எழுதும். அந்த நூறையும் நல்ல ஒலியில், முடிந்தவரை காசு கொடுத்து எடுப்போம். நூறு பாட்டு என்றால் ஏழு எட்டு மணி நேரம். ஒரு வரவேற்புக்குத் தாராளமாகப் போதும்.

பட்டியலை எழுதிய பிறகுதான் வேட்டை தொடங்கியது. ஆங்கிலப் பாட்டுக்குச் சிரமமில்லை. டிஜேக்களுக்கென்றே மாதக் கட்டணத்தில் பாட்டுத் தரும் சேவைகள் இருக்கின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் நீட்டிய பதிப்புகள் அங்கே கிடைக்கும். தமிழ்ப் பாட்டைத் தேடி அங்கே போய்ப் பயனில்லை. புதிய திரைப்பாட்டுகளை ஐடியூன்ஸ் கடையில் ஒவ்வொன்றாக வாங்கினார். அங்கே கிடைப்பது 256 கிலோபிட் ஏஏசி கோப்பு, பூட்டில்லாதது, எந்த டிஜே மென்பொருளும் ஏற்கும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி அட்டையைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. தனிக் கலைஞர்களின் பாட்டுக்கு பேண்ட்கேம்ப். அங்கே கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு கலைஞருக்கே போகும், ஒலியை இழக்காத எஃப்எல்ஏசி, டபிள்யூஏவி ஆகிய வடிவங்களிலும் இறக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் போன்றவர்களின் பாட்டு இளையோர் சபையில் எப்படி எடுபடுகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் செய்யும் இசையை நாமே காசு கொடுத்து வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்?

பழைய பாட்டுக்கு வழி வேறிடத்தில் இருந்தது, அது எனக்கு மிகவும் பிடித்த வழி. யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் சிடிகள் தூங்குகின்றன. லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்த உறவினர்கள் தொண்ணூறுகளின் இறுதியிலும் அதற்குப் பிறகும் கொண்டு வந்து கொடுத்தவை. இன்றைக்கு அவற்றைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவி இல்லை. சிடி என்பது சுருக்கப்படாத ஒலி: 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருளால் கீறல் பிழைகளையும் சரிபார்த்து எஃப்எல்ஏசி ஆக எடுக்கலாம். தம்பி ஒரு சிடி டிரைவ் வாங்கினார். முதலில் தாய்மாமன் வீடு, பிறகு அயல், பிறகு கொக்குவில், இணுவில் என்று போனார். எழுபதுகளின், எண்பதுகளின் பாட்டுகள் இவ்வளவு துலக்கமாக அவருக்கு முன்னர் கேட்டதே இல்லை.

இந்த மண்ணில் பாட்டுத் தேடுவது என்றைக்கும் உழைப்பாகத்தான் இருந்திருக்கிறது. எண்பதுகளில் ரெக்கோர்டிங் பாருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கசற்றுக்குக் காத்திருந்த தலைமுறை இங்கே இருக்கிறது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேட்டால் எந்தப் பாட்டுக்கு எந்தச் சபை எழும்பும் என்பதைச் சொல்வார்கள். தம்பியின் நூறில் கால்பங்கு அப்படிக் கேட்டு வந்தவை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டைப் பொதுவில் ஒலிக்கச் செய்யும் உரிமை அதைப் படைத்தவருக்கு உரியது. கோப்பை வாங்கிவிட்டதால் அந்த உரிமை வாங்கியவருக்கு வந்துவிடாது. இதை அறியாமல் தொழிலுக்குள் வரக் கூடாது.

மென்பொருள் எண்ணும் தாளம்

பாட்டை மென்பொருளுக்குள் இட்டதும் அது தாளத்தை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று காட்டும். மேற்கத்திய நடனப் பாட்டில் அந்த எண் பெரும்பாலும் சரி. நம் பாட்டில் அதை நம்பி இறங்கினால் சபை தடுமாறும்.

முதலாவது சிக்கல் ஆறெட்டு நடை. குத்துப் பாட்டுகளில் பலவும், இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவும் மும்மூன்றாகத் துள்ளும் நடையில் அமைந்தவை. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப்பிசைக் காலத்திலிருந்து இங்கே கலியாணத்தின் கடைசி அரைமணி பைலாவுக்கு உரியது. கால் வைக்கும் அடி 100 என்றால் மென்பொருள் சிலவேளை 150 என்று காட்டும். மும்மூன்றாகச் சேர்க்க வேண்டியதை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி, வேகத்தைத் தானாகப் பொருத்தும் "சிங்க்" பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று மிதிக்கும். தம்பி ஒவ்வொரு பாட்டையும் ஓடவிட்டு, மேசையில் கையால் தட்டி எண்ணி, மென்பொருளின் எண்ணைத் திருத்தி, முதலாவது அடி விழும் இடத்தில் குறி வைத்தார். ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யும்போதுதான் பாட்டு மனப்பாடமாகிறது.

இரண்டாவது, வாத்தியக்காரர்கள் கூடியிருந்து வாசித்துப் பதிந்த பழைய பாட்டுகள். அவர்கள் இயந்திரத் தாளத்துக்கு வாசிக்கவில்லை. பல்லவியில் ஒரு வேகம், சரணம் முடியும்போது சற்றுக் கூடிய வேகம். சீரான கட்டம் போட்டால் முதல் நிமிடத்துக்குள் அடி விலகிவிடும். ரெக்கோர்ட்பாக்ஸில் மாறும் வேகத்தைப் பின்தொடரும் "டைனமிக்" ஆய்வு முறை இருக்கிறது. அது ஓரளவு உதவும். என் கருத்தில் இந்தப் பாட்டுகளைத் தாளம் பொருத்திக் கலக்கவே வேண்டாம். சொல் முடியும் இடத்தில் எதிரொலியோடு விட்டு, அடுத்த பாட்டை அதன் முதற் சுரத்திலிருந்து தொடங்கலாம். ஹம்மிங்கிலும் புல்லாங்குழலிலும் தொடங்கும் பாட்டை அப்படித் தொடங்க விடுவதுதான் மரியாதை. சபை அந்த ஹம்மிங்கைக் கேட்டவுடனேயே கைதட்டுகிறது.

ஆட்ட நேரத்துக்கு மட்டும் ஒடாசிட்டி மென்பொருளில் சில பாட்டுகளின் முன்னால் எட்டுச் சுற்றுத் தாளத்தை வெட்டி ஒட்டிக்கொண்டார். திரைப்பாட்டு டிஜேக்காகச் செய்யப்பட்டதில்லை. அந்த முன்தாளம் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக் கை பழக நாளாகும். பாட்டிலிருந்து குரலையும் தாளத்தையும் பிரிக்கும் வசதி இப்போது எல்லா முன்னணி மென்பொருள்களிலும் வந்துவிட்டது. அவருடைய கணினிக்கு அது பாரம், அதனால் தொடவில்லை.

மண்டபத்தில்

முதலாவது பெரிய வேலை ஆவணியில், நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு, உறவினர் ஒருவரின் கலியாண வரவேற்பு. ஒலியமைப்பு என்னுடையது.

மாட்டியவுடனே ஸ்பீக்கரில் கனத்த உறுமல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது, மாட்டியதும் வந்தது. சார்ஜரின் மண்கம்பியும் எங்கள் மிக்சரின் மண்கம்பியும் ஆர்சிஏ கேபிள் வழியாக ஒரு வளையமாகி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலைக் கொண்டு வந்தன. இரைச்சலைத் தடுக்கும் வகையில் சமநிலைப்படுத்திய எக்ஸ்எல்ஆர் வெளியீடு இல்லாத கருவிகளில் இது வரும். நான் டிஐ பெட்டி (சாதாரண வெளியீட்டைச் சமநிலைப்படுத்திய வெளியீடாக மாற்றும் சிறு பெட்டி) ஒன்றைக் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வைத்து, ஆர்சிஏ கேபிளைக் குட்டையாக அதற்குள் விட்டு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்சருக்குக் கொண்டு போனேன். பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றி வளையத்தை அறுத்துவிடும். சிலர் இதற்குப் பிளக்கின் மண்காலை முறித்து வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மண்டபத்தில், வியர்த்த கையோடு நிற்பவரின் உயிர் அந்தக் காலில் இருக்கிறது.

அன்று சாப்பாட்டு வேளை தம்பியின் நேரம். அலுமாரிச் சிடிகளிலிருந்து எடுத்த பாட்டுகள் ஒவ்வொன்றாக வர, மேசைகளில் பேச்சுக் குறைந்தது. ஒரு முதியவர் கையில் கோப்பையோடு எழுந்து வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். ஆட்டம் தொடங்கியபோதுதான் இடறியது. சூரிச்சிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர் பழைய பைலா ஒன்றைக் கேட்டார். அது தம்பியின் நூறில் இல்லை; ஓர் இணையச் சந்தா சேவையில் குறித்து வைத்திருந்தார். கொங்கிரீட் மண்டபம், உள்ளே நானூறு கைப்பேசி. திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியப் போகிறது. தம்பி சேவையை மூடிவிட்டு, நூறிலிருந்து இன்னொரு பைலாவை எடுத்துப் போட்டார். சபை ஆடியது. மாமா மட்டும் கடைசிவரை அந்தப் பாட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இணையவழிப் பாட்டை வீட்டில் புதியன தேடவும் கேட்டுப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். மேடையில் அதை நம்பி நிற்கக் கூடாது. சிக்னல் மட்டும் காரணமில்லை. அந்த இணைப்பு நிறுவனங்களின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது: ஸ்பொட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களோடு இருந்த தொடர்பை நிறுத்தியது, 2025இல் சில நாடுகளுக்கு மறுபடி திறந்தது. இடையில் அதை நம்பிப் பட்டியல் செய்தவர்களின் வேலையெல்லாம் வீணாயிற்று.

இன்னொன்று ஒலியளவு. ஆட்டம் சூடேறச் சூடேற தம்பி கன்ட்ரோலரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். மீற்றரில் சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. சிவப்புக்கு மேல் போகும் டிஜிட்டல் ஒலி உச்சியில் நசுங்கும், என் மிக்சரில் குறைத்தாலும் நசுங்கியது நசுங்கியதுதான். சத்தம் வேண்டுமென்றால் ஒலியமைப்பாளரிடம் சைகை காட்டுங்கள். கூட்டுவதற்கு எங்களிடம் இடமிருக்கிறது. மேடைக்குப் போய்க் காதில் சொன்னேன், உடனே குறைத்தார், ஒலி தெளிந்தது.

பின்னர் மாறியவை

அடுத்த நாளே அந்த மாமாவின் பாட்டைத் தேடத் தொடங்கினார். உரும்பிராயில் ஒரு வீட்டுச் சிடியில் கிடைத்தது. நூறு என்ற பட்டியல் இப்போது அறுநூறை நெருங்குகிறது, எல்லாம் ஸ்பெக்கில் பார்த்துச் சேர்த்தவை. பெயரிடும் முறையையும் ஒழுங்காக்கிவிட்டார்: பாட்டின் முதலடி தமிழில்; படம், இசையமைப்பாளர், ஆண்டு ஆகியவை தேடுவதற்கு வசதியாக ஒரே எழுத்துக்கூட்டலில். கோப்புறைகளை வகை பார்த்துப் பிரிக்காமல் வேளை பார்த்துப் பிரித்திருக்கிறார்: வரவேற்பு, நுழைவு, கேக், சாப்பாடு, ஆட்டம், பைலா. முழுவதற்கும் இரண்டு பிரதிகள், ஒன்று கணினியில், மற்றது பையில் இருக்கும் யுஎஸ்பியில். மேடைக்கு ஏறுமுன் வைஃபையை அணைக்கிறார், கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கிறார்.

எஃப்எல்எக்ஸ்6 பற்றிய பேச்சு நின்றுவிட்டது. அடுத்ததாக வாங்கியது சொந்தமாக ஒரு டிஐ பெட்டி. அதற்கடுத்து வாங்க நினைப்பது இன்னொரு சிடி டிரைவ்; முதலாவது தேய்ந்து வருகிறது.

மார்கழியில் கலியாணம் இல்லாததால் அந்த மாதம் தாளக் குறி வைக்கும் வேலைக்கு. தைக்கு மூன்று வரவேற்புகள் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று வீட்டாரிடமும் முற்பணம் வாங்கும்போதே ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்: வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டு, வெளிநாட்டிலிருந்து வருவோர் கேட்கக்கூடிய பத்து, எக்காரணம் கொண்டும் போடக் கூடாத பாட்டு ஏதும் இருந்தால் அதுவும். இரண்டு வீட்டுத் தாள் திரும்பி வந்துவிட்டது. ஒன்றில் அவர் இதுவரை கேள்விப்படாத ஆறு பாட்டுகள் இருக்கின்றன.